பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கு ஆயத்தமானபோது உங்களுக்கு நேர்ந்தது என்ன?

கடலூர் முதுநகரிலிருந்து ஒரு தந்தை:

மகளுக்கு ஞானத்தகப்பனாக, அதாவது ஞானஸ்நானத்தில் அவளுக்குப் பொறுப்பேற்று நிற்பவராக, என் சித்தப்பா மகனைச் சொல்லியிருந்தேன். அவனுக்கு வயது 15. பங்குத்தந்தை ஒப்புக்கொள்ளவில்லை. 16 வயது நிறைந்திருக்க வேண்டும், நற்கருணையும் உறுதிப்பூசுதலும் பெற்றிருக்க வேண்டும் என்றார். அடுத்து மனைவியின் தோழியைச் சொன்னோம். அவர் சி.எஸ்.ஐ. சபை, கத்தோலிக்கர் அல்ல. கத்தோலிக்கர் ஒருவர் ஞானப்பெற்றோராக இருந்தால், அவரோடு சேர்ந்து சாட்சியாக நிற்கலாம் என்றார்கள். கடைசியில் என் பெரியம்மா ஞானத்தாய், தோழி சாட்சி. ஆணும் பெண்ணுமாக இருவர் கட்டாயமில்லை, ஒருவரே போதும் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. அழைப்பிதழுக்குக் கொடுப்பதற்கு முன்பே இவற்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். அச்சான அட்டையில் தன் பெயரைப் பார்த்துவிட்டு அந்தப் பையன் அழுதது இன்னும் மனதை அறுக்கிறது.

நெல்லித்தோப்பிலிருந்து ஒரு தாய்:

அண்ணன் எழுதியதைப் படித்ததும் எங்களுடையதையும் எழுதத் தோன்றியது.

என் மகன் 31 வாரத்திலேயே பிறந்துவிட்டான். எடை 1 கிலோ 350 கிராம். இரண்டாம் நாள் இரவு மூச்சுத் திணறல். அறுவை முடிந்து என்னால் எழுந்திருக்க முடியவில்லை. கணவர் காரைக்காலிலிருந்து வந்துகொண்டிருந்தார். மாமியார் வில்லியனூர் மாதா கோவில் குளத்துத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து மடியில் வைத்தபடி வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். குழந்தைகள் பிரிவுக்குள் அவரை விடவில்லை. சாமியாரை அழைத்துவர அவகாசமும் இல்லை.

நிலைமையைச் சொல்ல வந்த செவிலியரின் கையைப் பிடித்துக்கொண்டு, பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கச் சொல்லிக் கெஞ்சினேன். அவர் பாகூர்ப் பக்கத்துக்காரர், இந்து. "நான் செய்யலாமா அம்மா?" என்று தயங்கினார். உயிர் ஆபத்தில் யாரும் கொடுக்கலாம், திருச்சபை செய்வதையே தானும் செய்யும் கருத்து இருந்தால் போதும் என்று மறைக்கல்வி வகுப்பில் படித்தது எனக்கு அந்த நேரத்தில் நினைவுக்கு வந்தது. அதைக் கடவுள் தந்த நினைவு என்றே நம்புகிறேன். நான் சொல்லச் சொல்ல, சொற்களை அவர் ஒரு சீட்டில் எழுதிக்கொண்டார். பெயர் கேட்டார். அந்தோணி என்றேன். கால் மணி நேரத்தில் திரும்பி வந்து, "செய்துவிட்டேன்" என்று மட்டும் சொன்னார்.

47 நாள் கழித்துப் பிள்ளையோடு வீடு திரும்பினோம்.

ஐந்தாம் மாதம் கோவிலில் நாள் கேட்கப் போனோம். "ஆஸ்பத்திரியில் நடந்ததைச் சொல்லாதே, சாமியார் முறையாக ஊற்றட்டும்" என்று வழியெல்லாம் மாமியார் சொல்லிக்கொண்டே வந்தார். எனக்கு மறைக்க மனம் வரவில்லை, சொல்லிவிட்டேன். பங்குத்தந்தை பேனாவைக் கீழே வைத்தார். அந்தச் செவிலியரைப் பார்க்க வேண்டும் என்றார்.

தன் விடுமுறை நாளில் அவர் பஸ் ஏறி வந்தார். ஊற்றியது தண்ணீர்தானா, தலையில் பட்டு ஓடியதா, ஊற்றும்போதே சொற்களைச் சொன்னாரா, என்ன எண்ணத்தோடு செய்தார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார் பங்குத்தந்தை. "காய்ச்சி ஆறிய தண்ணீரை சிரிஞ்சில் எடுத்து நெற்றியில் விட்டேன் ஐயா. காதுவரை ஓடியது. பிறகு பஞ்சால் ஒற்றி எடுத்தேன். இவர்கள் கோவிலில் என்ன கொடுப்பார்களோ அதைக் கொடுக்கிறேன் என்றுதான் நினைத்தேன்" என்றார். பிறகு பர்ஸைத் திறந்து அந்தச் சீட்டை எடுத்து நீட்டினார். அத்தனை மாதம் அதை வைத்திருந்தார். "பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே" என்பது அவர் கையெழுத்தில் சாய்ந்து சாய்ந்து இருந்தது.

"இது முழுமையான ஞானஸ்நானம். ஒருவருக்கு ஒரு முறைதான். மறுபடி ஊற்ற மாட்டேன்" என்றார் பங்குத்தந்தை.

மாமியார் அழுதார். தண்ணீர் ஊற்றாமல் என்ன விழா என்று உறவுக்காரர்களும் கேட்டார்கள். எனக்கோ அந்தச் சொல் பெரிய ஆறுதலாக இருந்தது. அன்றிரவு பிள்ளை போயிருந்தாலும் ஞானஸ்நானம் பெற்றவனாகத்தான் போயிருப்பான். குறைப்பிரசவத்துக்குப் பிறகு நாள் கேட்கப் போகும் எவரும், வீட்டிலோ ஆஸ்பத்திரியிலோ யாராவது தண்ணீர் ஊற்றியிருந்தால் தயவுசெய்து மறைக்காதீர்கள்.

விழா நடந்தது. கோவில் வாசலில் வரவேற்பு, வாசகம், உச்சந்தலையில் கிறிஸ்மா என்ற அர்ச்சித்த தைலம், வெள்ளை ஆடை, கோவிலின் பெரிய பாஸ்காத் திரியிலிருந்து ஏற்றிய மெழுகுதிரி. ஞானஸ்நானத்துக்கு முன் பூசும் ஆயத்த எண்ணெய் மட்டும் கிடையாது, அந்தக் கட்டத்தை அவன் என்றோ கடந்துவிட்டான். வில்லியனூர்த் தண்ணீரை மாமியார் வீட்டில் அவன் நெற்றியில் சிலுவையாக வைத்தார், மனம் கொஞ்சம் ஆறியது.

அந்தச் செவிலியர்தான் ஞானத்தாயாக நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். கத்தோலிக்கராக இருந்தால்தான் முடியும் என்றபோது எனக்கு வருத்தம்தான். என் அக்கா நின்றார். செவிலியர் முதல் வரிசையில் எங்களோடு உட்கார்ந்திருந்தார்.

பூசை முடிந்ததும் பதிவேட்டைத் திறந்தார்கள். தேதி என்ற இடத்தில் விழா நாளை எழுதவில்லை, ஆஸ்பத்திரியில் அந்த இரவின் தேதி. ஞானஸ்நானம் கொடுத்தவர் என்ற இடத்தில் அவர் பெயர். எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த அவர், "ஐயா, என் முன்னெழுத்து 'த' இல்லை, 'ந'" என்று மெல்லச் சொன்னார். பங்குத்தந்தை அடித்துவிட்டுத் திருத்தி எழுதினார்.