பழைய புத்தகத்தில் உள்ள குடும்பக் குறிப்புகள்: உதவி வேண்டும்

வணக்கம். அப்பாவுக்கு ஒன்றுவிட்ட அக்கா முறையாகும் அத்தை ஒருவரோடு கடிதத் தொடர்பு ஏற்பட்டிருக்கிறது. கொள்ளுத்தாத்தாவின் புத்தகங்கள் அவரிடம்தான் இருக்கின்றன. ஒன்றின் முதல் வெற்றுத்தாளில் கொள்ளுத்தாத்தா பிள்ளைகள் பிறந்த தேதிகளை வரிசையாக மையால் எழுதி வைத்திருக்கிறாராம். கைக்குழந்தையாகவே இறந்துபோன ஒரு பெண்ணின் பெயரும் அதில் உண்டாம். எங்கள் வீட்டில் அந்தப் பெயரை யாரும் சொல்லிக் கேட்டதே இல்லை.

புத்தகத்தைத் தபாலில் அனுப்பட்டுமா என்று கேட்கிறார். தொலைந்தால் போச்சு, வேண்டாம் என்றுவிட்டேன். ஸ்கேனரில் கவிழ்த்து அழுத்தினால் பழைய தையல் விட்டுப்போகும். ஃபோனில் தெளிவாகப் படமெடுக்க, வயதானவருக்குப் புரிகிற மாதிரி வழி சொல்லுங்களேன்.

அப்புறம், வம்சாவளியை ஜெட்காம் (GEDCOM, வம்சாவளி மென்பொருள்களுக்கான பொதுவான கோப்பு வடிவம்) கோப்பாகச் சேமித்தால் பிறகு வேறு மென்பொருளுக்கும் கொண்டுபோகலாம். ஆனால் அத்தை நினைவிலிருந்து சொல்லும் வருடமும் தாளில் உள்ள வருடமும் ஒத்துப்போகாத இடங்களில் எதைப் பதிவது? இரண்டையுமே, எங்கிருந்து கிடைத்தது என்ற குறிப்போடு வைப்பதுதான் சரி என்று எனக்குப் படுகிறது. செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

விசாரணை மாதிரி ஆகிவிடாமல் அவரிடம் எப்படிக் கேட்பது என்பதற்கும் யோசனை வேண்டும். ஒரு கடிதத்துக்கு எத்தனை கேள்வி தாங்கும்?