ஃபிரீபிஎஸ்டி இயங்குதளத்தில் நிரல்களை அப்கிரேடு செய்ய: போர்ட்மாஸ்டரா, போர்ட்அப்கிரேடா, பிகேஜியா? உங்கள் அனுபவம்

இரவுப்பணி:
2010 மார்ச் கடைசி. பிஎன்ஜி 1.4 (படக் கோப்புகளைக் கையாளும் லைப்ரரி) வந்த வாரம் என்றால் பலருக்கும் புரியும். அப்கிரேடுக்கு முன் படிக்க வேண்டிய எச்சரிக்கைகள் இருக்கும் அப்டேட்டிங் கோப்பைத் திறக்காமலே, மூலநிரலிலிருந்து கட்டி அப்கிரேடு செய்யும் போர்ட்மாஸ்டருக்கு '-ஏ' (எல்லாவற்றையும்) கொடுத்துவிட்டுத் தூங்கிவிட்டேன். நடுவில் ஏதோ ஒரு போர்ட் (ஒரு நிரலை மூலநிரலிலிருந்து கட்டும் செய்முறை) கட்ட முடியாமல் நின்றிருக்கிறது. காலையில் டெஸ்க்டாப் எழவில்லை. டெர்மினலில் பயர்பாக்ஸ், ஜிம்ப் என்று ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் ஒரே வரி: லிப்பிஎன்ஜி.எஸ்ஓ.5 கிடைக்கவில்லை. லிப் டைரக்டரியில் பார்த்தால் 6 மட்டும் இருக்கிறது. பிஎன்ஜியை நம்பியிருக்கும் அத்தனையையும் '-ஆர்' போட்டுத் திரும்பக் கட்டச் சொல்லி, மார்ச் 28 தேதியிலேயே அப்டேட்டிங்கில் எழுதியிருந்தார்கள். இரண்டு நாள் கம்பைல் ஓடியது.

பழையமுனையம்:
அதற்குப் போர்ட்மாஸ்டரைக் குறை சொல்ல முடியாது நண்பரே. '-டபிள்யூ' கொடுத்திருந்தால் பழைய லைப்ரரியை எடுத்து வைத்திருக்கும். அதே வேலைக்கான இன்னொரு கருவியான போர்ட்அப்கிரேடு அதைக் கேட்காமலே செய்யும், அதனால் அந்த வாரம் நான் தப்பித்தேன். நான் மாட்டியது வேறு இடத்தில். போர்ட்அப்கிரேடோடு வரும், நிறுவியவற்றின் பதிவைச் சரிசெய்யும் பிகேஜிடிபிக்கு '-எஃப்' கொடுத்தால், காணாமல் போன சார்புக்கு (ஒரு நிரலுக்குத் தேவையான இன்னொன்று) பதில் எது என்று ஒவ்வொன்றாகக் கேட்கும். முதல் பத்தைப் படித்துப் பதில் சொன்னேன். அப்புறம் வெறும் என்டர், என்டர். எதை எதோடு முடிச்சுப் போட்டேன் என்று பிறகு எனக்கே தெரியவில்லை. கடைசியில் எல்லாவற்றையும் அழித்து முதலிலிருந்து நிறுவினேன்.

சர்வர்காரன்:
பழைய லைப்ரரியை ஒதுக்கி வைப்பது தப்பிப்பதே இல்லை சார். பாதுகாப்பு ஓட்டை உள்ள லைப்ரரியை நிரல்கள் சத்தமில்லாமல் பயன்படுத்திக்கொண்டே இருக்கும்.

என் கதை சின்னது. எஞ்சின்எக்ஸ் வெப் சர்வரை வெளி மாட்யூல் ஒன்று சேர்த்துப் போர்ட்ஸில் கட்டியிருந்தேன், மற்றதெல்லாம் பிகேஜி, அதாவது முன்பே கட்டிவைத்த தொகுப்புகளை நிறுவும் கருவி. ஒருநாள் பிகேஜி அப்கிரேடு பட்டியலில், எஞ்சின்எக்ஸ் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'ஆப்ஷன்ஸ் சேஞ்ச்டு' என்று இருந்தது. கண் பார்த்தது, விரல் 'ஒய்' அடித்துவிட்டது. என் மாட்யூல் இல்லாத தொகுப்பு வந்து உட்கார்ந்துவிட்டது. அடுத்த ரீஸ்டார்ட்டில் 'அன்னோன் டைரக்டிவ்' என்று சொல்லி எழவே இல்லை.

எனவே புதிதாக வருபவர்களுக்குச் சொல்கிறேன், இரண்டையும் கலக்காதீர்கள். கலந்தே ஆக வேண்டும் என்றால் இரண்டும் எடுக்கும் கிளையாவது (வெளியீட்டு வரிசை) ஒன்றாக இருக்கட்டும். பிகேஜி காலாண்டுக் கிளையிலிருந்து எடுக்கும்போது போர்ட்ஸ் மரம் (போர்ட்கள் எல்லாம் இருக்கும் டைரக்டரி) புதுசாக இருந்தால், லைப்ரரி பதிப்புகள் ஒத்துப்போகாது. ஒரு தொகுப்பு மாறாமலிருக்க பிகேஜி லாக் போட்டு வைக்கலாம், ஆனால் பூட்டியதை மறந்துவிட்டால் பாதுகாப்புத் திருத்தமும் வராது. சரியான வழி, தொகுப்புகளை மொத்தமாகக் கட்டும் பூட்ரியர் கருவிதான். சுத்தமான ஜெயிலுக்குள் (தனிமைப்படுத்திய சூழல்) உங்கள் ஆப்ஷன்களோடு கட்டும். கட்டுவது தோற்றாலும் ஓடுகிற கணினியில் ஒரு கோப்பும் மாறாது. அது கட்டியதை உங்கள் சொந்த ரெப்போவாக (தொகுப்புக் களஞ்சியம்) வைத்துக்கொண்டால் எல்லாக் கணினிக்கும் பிகேஜி அப்கிரேடு ஒன்றே போதும்.

இரவுப்பணி:
என்னிடம் இருப்பது 4 ஜிபி ரேம் லேப்டாப் ஒன்றுதான், அதில் பூட்ரியர் ஓட்டுவது கஷ்டம். இப்போது வெறும் பிகேஜிதான். அப்கிரேடுக்கு முன்னால் 'பிகேஜி அப்டேட்டிங்' கட்டளையில் கடைசியாக அப்கிரேடு செய்த தேதியைக் கொடுத்துவிடுகிறேன். நான் நிறுவியிருப்பவற்றைப் பற்றிய குறிப்புகளை மட்டும் காட்டுகிறது. அதைப் படிக்காமல் எதற்கும் 'ஒய்' அடிப்பதில்லை.