முன் அலோய் சில்லுகளில், அதிலும் இடப்பக்கத்தில், போகாமல் நிற்கும் பிரேக் தூள்

கேள்வி: உப்புவெளி வாசி

ஜப்பானிலிருந்து இறக்குமதியான பழைய டொயோட்டா அக்ஸியோ ஒன்றை மூன்று வருடங்களாக ஓட்டி வருகிறேன். மகள் பேராதனையில் படிப்பதால், மாதத்தில் இரண்டு தடவையாவது ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை வழியாகக் கண்டிக்குப் போய்த் திரும்ப வேண்டியிருக்கிறது. மற்ற நாட்களில் கார் திருகோணமலை உப்புவெளியில், கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள வீட்டு முற்றத்தில் நிற்கும். ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் முன்சில்லுகள் இரண்டும் கரி பூசியது போல ஆகிவிடுகின்றன. கழுவினால் கரி போய்விடும்; ஆனால் அதற்கடியில், மிளகாய்த் தூளைத் தூவிவிட்டது போன்ற செம்பழுப்புப் புள்ளிகள் மிஞ்சுகின்றன. கண்ணுக்கு ஒன்றும் தெரியாத இடத்தில்கூட விரலை ஓட்டினால் அரத்தாள் போல நெருடுகிறது.

கார் கழுவும் ஷாம்பூ, பாத்திரம் கழுவும் திரவம், மண்ணெண்ணெய் ஆகிய மூன்றையும் போட்டுப் பார்த்துவிட்டேன். மண்ணெண்ணெய்க்குத் தார்ப் புள்ளிகள் இளகின, செம்புள்ளிகள் அசையவில்லை. பொறுமை இழந்து ஒரு நாள் பாத்திரம் தேய்க்கும் கம்பிப் பஞ்சால் ஓர் ஆரத்தின் ஓரத்தைத் தேய்த்தேன். புள்ளிகள் போயின, பளபளப்பும் கூடவே போயிற்று. இரண்டு கிழமைக்குள் அதே இடத்தில் முன்பை விடப் பொடியான துருப் புள்ளிகள் வந்துவிட்டன. வாகனம் கழுவும் இடமொன்றில், "அசிட் அடித்தால் இரண்டே நிமிடத்தில் புதுச் சில்லு மாதிரி ஆகிவிடும்" என்றார்கள். அடிப்பதற்கு முன் விபரம் தெரிந்தவர்களிடம் கேட்டுவிடலாம் என்று வந்திருக்கிறேன்.

இன்னொன்றும் எனக்கு விளங்கவில்லை. வலப்பக்க முன்சில்லைப் போல் இரண்டு மடங்கு அழுக்கு இடப்பக்க முன்சில்லில் சேர்கிறது. பின்சில்லுகளிலோ இந்தப் புள்ளிகள் அநேகமாக இல்லை. நான்கும் ஒரே பாதையில்தானே ஓடுகின்றன?

பதில்: ஓய்வுபெற்ற இரசாயனவியல் ஆசிரியை

அசிட் அடிக்க விடாதீர்கள். காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் அந்தப் புள்ளி என்னவென்று விளங்கினால் அதை எப்படி எடுப்பது என்பதும் விளங்கிவிடும்.

பிரேக்கை மிதிக்கும்போது பேட்கள் எனப்படும் உராய்வுக் கட்டைகள், சில்லோடு சேர்ந்து சுழலும் வார்ப்பிரும்புத் தட்டான டிஸ்க்கை இருபுறமும் இறுகப் பிடிக்கின்றன. பேட்டும் தேய்கிறது, டிஸ்க்கும் தேய்கிறது. ஆகவே பறக்கும் தூளில் பெரும்பங்கு இரும்பு. மலைப்பாதையில் இறங்கும்போது அந்தத் துகள்கள் சூடாகத் தெறித்து, சில்லின் மேலுள்ள நிறமற்ற பூச்சில், அதாவது பெயின்ற் வேலைக்காரர்கள் கிளியர் கோட் என்று சொல்லும் படையில், ஒட்டிப் பதிகின்றன. பிறகு ஈரமும் கடற்காற்றின் உப்பும் சேர்ந்தால் ஒவ்வொரு துகளும் இருந்த இடத்திலேயே துருப்பிடிக்கிறது. துருவுக்கு அது பிறந்த இரும்பைவிட அதிக இடம் தேவை. அதனால் துகள் உப்பி, பூச்சுக்குள் வேர் விட்டதைப் போல இறுகிவிடுகிறது. நீங்கள் காணும் செம்புள்ளி அதுதான். சவர்க்காரம் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும், மண்ணெண்ணெய் தாரைக் கரைக்கும். இரண்டுக்கும் இரும்பு ஒட்சைட்டோடு எந்த அலுவலும் இல்லை. கம்பிப் பஞ்சைப் பற்றிச் சொன்னீர்களே, அதன் உடைந்த நார்கள் கீறல்களுக்குள் தங்கி அவையும் துருப்பிடித்திருக்கின்றன. இருந்த இரும்போடு நீங்களே கொஞ்சம் இரும்பைச் சேர்த்துவிட்டீர்கள்.

அசிட் துருவைக் கரைக்கும் என்பது பொய்யல்ல. ஆனால் அது துருவோடு நிற்காது. பூச்சில் ஊசிமுனை அளவு வெடிப்பு இருந்தாலும் அதன் வழியாக, அலோய் சில்லு வார்க்கப்பட்டிருக்கும் அலுமினியத்தை எட்டிப் பிடித்து, பிறகு எந்தக் கழுவலுக்கும் போகாத வெண்படலத்தை உண்டாக்கும். தெறிக்கும் துளிகள் நட்டுகளையும் டிஸ்க்கையும் அரிக்கும். கழிவறை கழுவும் திரவங்கள் பலவற்றில் இருக்கும் ஐதரோகுளோரிக் அமிலத்துக்கும் இது பொருந்தும். எஞ்சின் கழுவும் கடுமையான காரத் திரவமும் நல்லதல்ல. அலுமினியம் அமிலத்திலும் கரையும், காரத்திலும் கரையும் என்று உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு எத்தனையோ வருடங்கள் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். அது பரீட்சைக்கு மட்டுமான பாடமல்ல. எல்லாவற்றுக்கும் மேலாக, சில்லுக்கென்று விற்கப்படும் அமிலங்கள் சிலவற்றில் ஐதரோபுளோரிக் அமிலமோ அதன் உப்புகளோ கலந்திருக்கும். அது தோலை ஊடுருவி உள்ளே போய்க் கல்சியத்தோடு சேர்ந்துகொள்ளும். பட்டவுடன் வலிக்காமல் பல மணி நேரம் கழித்து வலி தொடங்குவதும் உண்டு. கையுறை இல்லாமல், காலில் செருப்போடு அதைத் தெளிக்கும் பையன்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு கலங்கும்.

உங்களுக்கு வேண்டியது அயன் ரிமூவர் என்று விற்கப்படும் திரவம். அதன் செயற்பொருள் அமோனியம் அல்லது சோடியம் தயோகிளைக்கொலேற்று. தலைமயிரைச் சுருட்டச் சலூன்களில் பூசும் திரவத்தின் இனம்தான். அது இரும்பைப் பிடித்து நீரில் கரையும் சேர்மமாக மாற்றும்போது ஊதா நிறம் தோன்றும். பெரும்பாலும் நடுநிலைக்குக் கிட்டியதாகவே தயாரிக்கப்படுவதால், நல்ல நிலையிலுள்ள பூச்சையும் அலுமினியத்தையும் தாக்காது. நாற்றம் மட்டும் அழுகிய முட்டையை நினைவூட்டும். திறந்த வெளியில் கையுறையோடு செய்யுங்கள்.

சில்லு முற்றாக ஆறியிருக்க வேண்டும், வெயிலும் படக்கூடாது. கச்சான் வீசும் மாதங்களில் காலை ஏழு மணிக்கு முன்பே முடித்துவிடுவது நல்லது. அந்தக் காற்றில் எந்தத் திரவமும் கண் மூடித் திறப்பதற்குள் காய்ந்துவிடும். முதலில் ஷாம்பூவால் மேலழுக்கை நன்றாகக் கழுவுங்கள், இல்லாவிட்டால் திரவம் அந்த அழுக்கோடேயே செலவாகிவிடும். பிறகு தெளித்து மூன்று முதல் ஐந்து நிமிடம் விட்டு, மென்மையான தூரிகையால் இலேசாகக் கலைத்து, காய்வதற்கு முன் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். ஊதா நிறம் வருவது நிற்கும் வரை இரண்டு, மூன்று தடவை செய்ய வேண்டியிருக்கலாம். பூச்சே இல்லாமல் மெருகேற்றிய சில்லாக இருந்தால் மறைவான மூலையில் முதலில் சோதியுங்கள்.

பதில்: நிலாவெளி வீதிக்காரன்

ரீச்சர் கோபிக்கக் கூடாது. எங்கள் அம்மா குத்துவிளக்குத் துலக்குவதைப் போலப் பழப்புளியைக் கரைத்து என் காரின் சில்லில் ஒரு மணி நேரம் பூசி வைத்தேன். ஓரளவு போனது போலத்தான் இருந்தது. காசும் மிச்சம்.

பதில்: ஓய்வுபெற்ற இரசாயனவியல் ஆசிரியை

கோபம் ஒன்றுமில்லை, தம்பி. பித்தளை விளக்கின் மேல் படிந்த ஒட்சைட்டுப் படலம் வெளியே திறந்து கிடக்கிறது. புளியிலுள்ள தாத்தாரிக் அமிலம் அதை நேராகத் தொடுகிறது. இங்கே துரு பூச்சுக்குள் பதிந்திருப்பதால் மேலே தலை நீட்டியிருந்தவை மட்டுமே உங்களுக்குப் போயிருக்கும். அந்தப் புளியை எதனால் தேய்த்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள். தேங்காய்த் தும்பு என்றால், வெயிலில் சில்லைச் சரித்துப் பாருங்கள், வட்ட வட்டமாகக் கீறல் தெரியும்.

பதில்: சீனன்குடா கராஜ்காரர்

துப்புரவைப் பற்றி ரீச்சர் சொன்னதற்கு மேல் எனக்குச் சொல்ல அதிகமில்லை. ஆனால் ஐயா கடைசியாகக் கேட்ட கேள்வியைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

பின்சில்லு சுத்தமாக இருப்பதற்குக் காரணம் எளிது. உங்கள் காருக்குப் பின்னால் டிரம் பிரேக், அதாவது மூடிய உருளைக்குள் இயங்கும் பிரேக். தேய்கிற தூள் டிரம்முக்குள்ளேயே அடைபட்டுவிடும். மேலும் பிரேக் போடும்போது வாகனத்தின் பாரம் முன்னால் சாய்வதால், வேலையில் பெரும்பகுதி முன்சில்லுகளுக்குத்தான். ஆனால் முன்சில்லுகள் இரண்டும் ஒன்றுபோல அழுக்காக வேண்டும். ஒன்றில் இரண்டு மடங்கு சேர்கிறது என்றால், நீங்கள் பிரேக்கை விட்ட பிறகும் அங்கே பேட் டிஸ்க்கை விடவில்லை என்றுதான் முதலில் சந்தேகிப்பேன். பேட்களைப் பிடித்திருக்கும் கலிப்பர், ‘பின்’ என்று சொல்லும் இரண்டு உலோக ஊசிகளின் மேல் உள்ளும் வெளியும் வழுக்கி நகர வேண்டியது. பிஸ்டன் உட்பக்கப் பேட்டைத்தான் தள்ளும். கலிப்பர் நகர்ந்து வந்துதான் வெளிப்பக்கப் பேட்டை இழுத்து அழுத்தும். அந்தப் பின்னின் ரப்பர் உறை கிழிந்து, உள்ளே உப்புக்காற்றும் தண்ணீரும் போனால் அந்தப் பின் இறுகிவிடும். கடலோரத்தில் நிற்கும் வாகனங்களில் இது நான் அடிக்கடி பார்க்கும் கோளாறு.

நீங்களே பார்க்க ஒரு வழி உண்டு. பிரேக்கை அதிகம் மிதிக்காமல் நிலாவெளிப் பக்கம் பத்து கிலோமீற்றர் ஓடிவிட்டு, வாகனம் தானாக வேகம் குறைந்து நிற்க விட்டு, இரண்டு முன்சில்லுக்கும் பக்கத்தில் கையைக் கொண்டு போங்கள். டிஸ்க்கைத் தொட வேண்டாம், தோல் ஒட்டிக்கொள்ளும். ஒரு பக்கம் மட்டும் அனல் அடித்தால் கலிப்பரைக் கழற்றிப் பார்க்கத்தான் வேண்டும். பின்னுக்குச் சிலிக்கன் கிறீஸ் அல்லது பிரேக்குக்கென்றே வரும் கிறீஸ் பூச வேண்டும்; டப்பாவில் இருக்கும் சாதாரண கிறீஸைப் பூசினால் ரப்பர் உப்பி, ஆறு மாதத்தில் அதே கதை திரும்பி வரும்.

சில்லைக் கழற்றுகிற அன்றைக்கே உட்பக்கத்தையும் கழுவிவிடுங்கள். வெளியே தெரியும் அழுக்கைப் போலப் பல மடங்கு அங்கே இருக்கும். காய்ந்த தூளைக் கம்பிரசரால் ஊத விடாதீர்கள். பழைய பேட்களில் கல்நார்கூடக் கலந்திருந்தது, எதுவானாலும் மூச்சில் போவது நல்லதல்ல. நனைத்துவிட்டுத்தான் தொட வேண்டும். திரும்பப் பூட்டும்போது நட்டுகளை நட்சத்திர வடிவில், எதிரெதிராக இறுக்குங்கள். உங்கள் வாகனத்துக்கு 103 நியூட்டன் மீற்றர். குழாயைப் போட்டு அதன் மேல் ஏறி நிற்கும் ஆட்களிடம் கொடுக்காதீர்கள்.

பேட் மாற்ற வேண்டி வந்தால் செரமிக் பேட் போடலாம். தூள் குறைவு, வரும் தூளும் வெளிறிய நிறம், சில்லில் அவ்வளவாக ஒட்டாது. விலை கூடத்தான். ஹைபிரிட் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு, அங்கே வேகத்தைக் குறைக்கும் வேலையில் பாதியை மோட்டாரே செய்துவிடும். ஆனால் பிரேக் அதிகம் வேலை செய்யாததால் டிஸ்க் துருப்பிடித்துவிட்டது என்று வருகிறார்கள், அது வேறு கதை.

பதில்: உப்புவெளி வாசி

இரண்டு கிழமை கழித்து எழுதுகிறேன். கராஜ்காரர் சொன்னபடி ஓடிப் பார்த்தேன். வலப்பக்கம் இளஞ்சூடு, இடப்பக்கத்தில் ஒரு சாண் தூரத்திலேயே அடுப்பங்கரை போல அனல். கழற்றியபோது கீழ்ப்பக்கப் பின்னைக் கையால் அசைக்கவே முடியவில்லை. உறை ஓரமாகக் கிழிந்திருந்தது, பின் முழுவதும் செம்மண் அப்பியது போலத் துரு. உட்பக்கப் பேட் இரண்டு மில்லிமீற்றர்கூட மிஞ்சவில்லை, வெளிப்பக்கப் பேட் பாதிக்கு மேல் இருந்தது. மாத்தளைக்கு இறங்கும் பலகடுவை வளைவுகளில் இதை வைத்துக்கொண்டுதான் இத்தனை நாளும் மகளை ஏற்றி வந்திருக்கிறேன். கலிப்பர் பின், உறை, இரண்டு பக்கப் பேட்கள் எல்லாம் மாற்றியாயிற்று.

அன்றே சில்லைக் கழற்றி வேப்பமர நிழலில் வைத்து அயன் ரிமூவர் தெளித்தேன். அரை நிமிடத்தில் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் நாவற்பழச் சாறு வடிவதைப் போல ஊதாக் கோடுகள் இறங்கத் தொடங்கின. நாற்றத்துக்குப் பக்கத்து வீட்டார் யன்னலைச் சாத்திவிட்டார்கள். மூன்றாம் தடவையில் நிறம் வெளிறியது. விரலுக்கு இன்னும் அங்கங்கே நெருடல் இருக்கிறது. கம்பிப் பஞ்சு போட்ட இடம் வெள்ளையாகவே நிற்கிறது. இவற்றுக்கு ஏதும் வழி உண்டா?

பதில்: ஓய்வுபெற்ற இரசாயனவியல் ஆசிரியை

எஞ்சிய நெருடலுக்குக் கிளே பார் வாங்குங்கள். களிமண் போன்ற அந்தக் கட்டியைச் சவர்க்கார நுரை நிறைய விட்டு, அழுத்தாமல் வழுக்க விட்டால், நீட்டிக்கொண்டிருக்கும் துகள்களைப் பறித்துக்கொள்ளும். துண்டு தரையில் விழுந்தால் எறிந்துவிடுங்கள், ஒட்டிய மணல் சில்லைக் கீறும். பிறகு மெழுகு பூசிவிட்டால் அடுத்த தடவை வெறும் ஷாம்பூவுக்கே பெரும்பாலானது போகும். கிணற்றுத் தண்ணீரில் கழுவுகிறீர்கள் என்றால் காய விடாமல் துடையுங்கள். நம் பக்கத்து உவர்த் தண்ணீர் தன் பங்குக்கு வெள்ளைப் புள்ளி வைத்துவிட்டுப் போகும்.

கம்பிப் பஞ்சு போட்ட இடத்தில் அழுக்கு இல்லை, பூச்சுத்தான் இல்லை. அதற்குத் தெளிக்க ஒன்றுமில்லை; பெயின்ற் வேலைக்காரரிடம்தான் கொடுக்க வேண்டும். அதுவரை அந்த இடத்தில் அயன் ரிமூவரும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், மெழுகை மட்டும் மாதமொரு முறை பூசுங்கள்.

பதில்: சீனன்குடா கராஜ்காரர்

ஒரு சொல் மட்டும். கழுவி முடித்தவுடன் வாகனத்தை அப்படியே நிறுத்தி வைக்காமல், தெருவில் ஒரு சுற்று மெதுவாக ஓடி நாலைந்து தடவை பிரேக்கை இலேசாக மிதித்து டிஸ்க்கைக் காய வையுங்கள். ஈரத்தோடு நின்றால் இந்தக் காற்றில் விடிவதற்குள் டிஸ்க்கில் துரு படர்ந்து, பேட் ஒட்டிக்கொண்டு, காலையில் எடுக்கும்போது ‘டக்’ என்று சத்தம் வரும். வலப்பக்கக் கலிப்பரின் பின்களையும் ஒரு தடவை கழற்றிப் பாருங்கள், ஐயா. அதுவும் அதே முற்றத்தில்தானே நின்றது.