சிக்னல்ல நியூட்ரல் போட்டா போலோ ஜிடி கியர்பாக்ஸ் பிழைக்குமா?

நாஞ்சில்_டர்போ: நேத்து ஒருத்தர் இங்க எழுதியிருக்காரு: "பழைய போலோ ஜிடி டிஎஸ்ஐ தாராளமா வாங்கலாம், சிக்னல்ல நியூட்ரல் போட்டா டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் கெடவே கெடாது." வேப்பமூடு சிக்னல்ல நிக்கிற ஒரு நிமிஷமா கியர்பாக்ஸைக் காப்பாத்துது? இத நம்பி 2013, 2014 மாடலுக்குப் பணம் கட்டுறவன் கதி என்ன?

குழித்துறை75: எழுதினது நான்தான். டி-யில (டிரைவ்ல) பிரேக்கை மிதிச்சு நின்னா கிளட்ச் தேயும், நியூட்ரல்ல தேயாது. இதுல என்ன தப்பு?

தக்கலைக்காரன்: அடிப்படையே தப்பு ஓய். இந்த வண்டியில இருக்கிற டிஎஸ்ஜி டிகியூ200, அதுல ரெண்டு உலர் கிளட்ச். ரெண்டும் சும்மா இருக்கையில திறந்தே கிடக்கும், அழுத்தம் கொடுத்தாத்தான் ஒட்டும். பிரேக்கை நல்லா அமுக்கி நின்னா மெக்கட்ரானிக் (ஆயில் அழுத்தத்தால கிளட்சையும் கியரையும் இயக்குற கம்ப்யூட்டர் பகுதி) கிளட்சை விட்டுரும். நியூட்ரல்லயும் அதே நிலைதான். தேயுறது பாதி பிரேக்குல, மார்த்தாண்டம் பாலத்துக்கு அடியில பஸ் பின்னால ஊர்ந்து போகையில. முன்னால ரெண்டு வண்டி நீளம் இடம் விட்டு, ஒரே மூச்சுல எடுத்துப் போங்க. ஏத்தத்துல ஆக்சிலேட்டரை மிதிச்சு வண்டியத் தாங்கிப் பிடிக்கவே கூடாது.

வாங்கப் போறவங்க, என்ஜின் ஆறியிருக்கையில ஒரு தடவை, முக்கால் மணி நேரம் நெரிசல்ல ஓட்டின பிறகு ஒரு தடவை, பிரேக்கை மட்டும் விட்டு முன்னால ஊர விடுங்க. அதிர்ந்தா கே1 கிளட்ச் (1, 3, 5, 7 கியருக்கானது) மேல சந்தேகம். ரிவர்ஸ்ல அதிர்ந்தா கே2 (2, 4, 6, ரிவர்ஸ்). கியர் எழுத்து மின்னினாலோ ஸ்பானர் படம் வந்தாலோ ஸ்கேன் பண்ணுங்க. பி17பிஎஃப், பி189சி-ங்கிற பிழைக் குறியீடு வந்தா மெக்கட்ரானிக்ல அழுத்தம் நிக்கல. பெரும்பாலும் அக்குமுலேட்டர் (ஆயில் அழுத்தத்தைச் சேத்து வைக்கிற குடுவை) உட்காருற இடத்துல மெக்கட்ரானிக் உறை விரிசல் விட்டு ஆயில் கசியும். விக்கிறவன் அந்தக் குறியீட்டை அழிச்சிருப்பான். அதனால 20 கி.மீ. ஓட்டிட்டு மறுபடி ஸ்கேன்.

குழித்துறை75: இவ்வளவு எழுதியும் நியூட்ரல் போட்டா என்ன நஷ்டம்னு சொல்லலியே. 2013 நவம்பர்ல ஃபோக்ஸ்வேகன் உலகம் முழுக்க 26 லட்சம் வண்டிய எதுக்குத் திரும்பக் கூப்பிட்டான்? நின்னு நின்னு ஓட்டினதாலதானே?

தக்கலைக்காரன்: அதுல பாதிக்கு மேல டிஎஸ்ஜி ஆயில் விஷயம். சூடு, ஈரப்பதம், நெரிசல் மூணும் சேர்ந்தா செயற்கை ஆயிலால மின்சாரப் பகுதியில கோளாறு வந்துது. கனிம ஆயிலுக்கு மாத்தச் சொன்னான். கிளட்ச் தேய்மானத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. டிகியூ200-ல கியர் ஆயில் தனி, மெக்கட்ரானிக் ஆயில் தனின்னாவது தெரியுமா உமக்கு?

குழித்துறை75: ஆயில் பாடம் வேண்டாம். நியூட்ரல்ல தேயுமா தேயாதா?

குளச்சல்_காத்து: நீங்க நியூட்ரல்லயே கிடங்க. கடலோரம் நின்ன வண்டியில முதல்ல கீழ படுத்துப் பாக்கணும்: முன் சப்ஃப்ரேம், லோயர் ஆர்ம், சைலன்சர் மூட்டு, ஏசி கண்டென்சர். உப்புக்காத்து கியர்பாக்ஸுக்கு முன்னால இதுகளைத் தின்னுரும். விலை குறைவுன்னு கேஎல் 20 (கேரளா, நெய்யாற்றின்கரை) வண்டி வாங்கி வர்றவங்களுக்கு இது இன்னும் முக்கியம்.

நாஞ்சில்_டர்போ: கேரளா வண்டின்னா துருவா? குளச்சல்ல நிக்கிற நம்ம டிஎன் 74 (நாகர்கோவில்) வண்டிக்கு உப்பு ஒட்டாதோ?

குளச்சல்_காத்து: துருவை விடும், தடையில்லாச் சான்று, இங்க மறுபதிவு, மறுபடி ஆயுள் வரி எல்லாம் கூட்டினா மிச்சம் எங்க? வண்டி நிக்கிற இடத்தைக் கேளும், நம்பர் பிளேட்டை இல்ல.

நாஞ்சில்_டர்போ: கேஎல் 20-ன்னு ஆரம்பிச்சதே நீருதான்.

தக்கலைக்காரன்: ரெண்டு பேரும் ரீமேப்பை (சக்தியைக் கூட்ட என்ஜின் கம்ப்யூட்டர் புரோகிராமை மாத்துறத) விட்டுட்டீங்க. கம்பெனி கொடுத்தது 105 குதிரைத்திறன், 175 நியூட்டன் மீட்டர். டிகியூ200-க்குக் குறிச்ச எல்லை 250 நியூட்டன் மீட்டர். ரீமேப் செஞ்சு அந்த எல்லைக்குக் கிட்ட கொண்டு போன வண்டியில கிளட்ச் வழுக்கும். விக்கும்போது பழைய மேப்பைத் திரும்ப ஏத்திக் கொடுப்பானுங்க. மூணாவது கியர்ல முழு ஆக்சிலேட்டர் மிதியுங்க. ஆர்பிஎம் ஏறி வேகம் ஏறலன்னா கே1 போச்சு. புது கிளட்ச் மாட்டினா அடாப்டேஷன் (புது கிளட்சை கியர்பாக்ஸ் கம்ப்யூட்டருக்குப் பழக்குறது) கட்டாயம். அது செய்யாம "புது கிளட்சும் அதிருது"ன்னு இங்க வந்து அழாதீங்க.

குழித்துறை75: எல்லாம் சரி. நியூட்ரல் போட்டா கெடும்னு ஒரு வரி காட்டும்.

தக்கலைக்காரன்: கெடும்னு எவன் சொன்னான்? காப்பாத்தாதுன்னுதான் முதல்ல இருந்தே சொல்லுதேன்.

குழித்துறை75: அப்போ நான் போட்டது போட்டதுதான்.