டெல்டா குத்தகை: 1969 சட்டப் பதிவா, 11 மாத அட்டையா?

கடைமடை:
வாய்வழிக் குத்தகையில் உழுகிறவருக்குக் கூட்டுறவு வங்கியில் பயிர்க்கடன் கிடைப்பதில்லை. கொள்முதல் நிலையத்தில் நெல் பட்டாதாரர் பெயரில் ஏறுகிறது, வெள்ள நிவாரணமும் அவர் கணக்குக்கே போகிறது. ஆந்திரா மாதிரி, உழுகிறவர் பெயரில் 11 மாதம் செல்லும் சாகுபடி அட்டை கொடுத்தால் தீர்ந்துவிடும் என்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. 1969 குத்தகை உரிமைப் பதிவேடு சட்டம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதில் பெயர் ஏறினால், வெளியேற்றத்துக்கு எதிரான 1955 சட்டத்தின் பாதுகாப்பும், குத்தகை விளைச்சலில் கால் பங்குதான் என்னும் நியாயக் குத்தகைச் சட்டத்தின் 25 சதவீத வரம்பும் கேட்டு வாங்கலாம்.

கணக்குப் பாருங்கள். மூன்று மா சேர்ந்தது ஏக்கர். சம்பாவில் ஏக்கருக்கு 60 கிலோ மூட்டை 30 கண்டால் சட்டப்படி குத்தகை ஏழரை மூட்டை. மாவுக்கு 4 என்று வாய்ப்பேச்சில் முடித்தால் 12 மூட்டை. மழையில் சாய்ந்து 15 மூட்டைதான் தேறியது என்றாலும் அதே 12-ஐ அளந்தாக வேண்டும்.

பத்திரஎழுத்து:
ஐயா, கணக்கு சரி. ஆனால் அந்தச் சட்டங்களுக்குப் பயந்துதான் இன்று யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. எழுதினால் நிலம் திரும்பாது என்ற எண்ணம் ஊறிவிட்டது. அதனால் ரசீது கிடையாது, இரண்டு போகத்துக்கு ஒருமுறை வேறு துண்டுக்கு மாற்றிவிடுவார்கள், யாராவது கேட்டால் "கூலிக்குப் பார்க்கிறார்" என்பார்கள். வெளியூரில் இருக்கும் உடைமையாளர் தரிசாகப் போட்டாலும் போடுவார், குத்தகைக்கு விடமாட்டார். கேரளத்தில் 1970 ஜனவரி 1 முதல் குத்தகை முறையே ஒழிந்தது. ஆனாலும் அந்த மாநில அரசின் குடும்பஸ்ரீ திட்டத்துப் பெண்கள் குழுக்கள் இன்று குத்தகை நிலத்தில்தான் பயிர் வைக்கிறார்கள். தேவை இருக்கிறவரை குத்தகை இருக்கும். அதை வெளிச்சத்துக்குக் கொண்டுவர 11 மாத அட்டைதான் வழி.

களத்துமேடு:
பத்திரஎழுத்து சாருக்கு: ஆந்திரத்தின் 2019 சட்டத்தில் அட்டை வாங்க உடைமையாளர் கையெழுத்து வேண்டும். ரசீதே தராதவர் கையெழுத்துப் போடுவாரா? அதற்கு முன்பிருந்த 2011 சட்டத்தில் கையெழுத்து தேவைப்படவில்லை, ஆனால் வங்கி மடக்கியது. அதே சர்வே எண்ணில் உடைமையாளர் முன்பே பயிர்க்கடன் வாங்கியிருந்தால் இரண்டாவது கடன் ஏறாது. அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வட்டிக்காரரிடம் போனார்கள். சர்வே எண்ணுக்குக் கடன் என்ற முறையைப் பயிருக்குக் கடன் என்று மாற்றாமல் எந்த அட்டையும் உதவாது. இப்போதைக்கு 4 முதல் 10 பேர் சேர்ந்து ஒருவர் கடனுக்கு மற்றவர் பொறுப்பேற்கும் கூட்டுப் பொறுப்புக் குழு ஒன்றுதான் நிலப் பத்திரம் கேட்காத வழி.

கடைமடை ஐயாவுக்கு ஒரு கேள்வி. 1969 சட்டப்படி மனுப் போட்டவர்கள் எங்கே சறுக்குகிறார்கள் என்று பார்த்தீர்களா?

கடைமடை:
பார்த்துத்தான் சொல்கிறேன். முக்கியமாக மூன்று இடம். பட்டா இன்னும் இறந்துபோன தாத்தா பெயரில் இருக்கும். வாரிசுகளில் ஒருவருக்கு நோட்டீஸ் போகாவிட்டாலும் மேல்முறையீட்டில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அடுத்து உட்பிரிவு: உழுவது 112/3பி-யில், மனுவில் 112/3 என்று மட்டும் இருக்கும். மூன்றாவதுதான் கொடுமை. சட்டத்தின் பார்வையில் 'பயிரிடும் குத்தகைதாரர்' என்றால் தானோ குடும்பத்தாரோ உடலுழைப்புப் போட வேண்டும். உழவு டிராக்டர், அறுவடை மெஷின் என்று ஆனபின், "உன் உழைப்பு எங்கே?" என்று குறுக்கு விசாரணையில் மடக்குகிறார்கள். வரப்பு வெட்டியது, தண்ணீர் வைத்தது, உரம் தெளித்தது எல்லாம் உழைப்புத்தான். அதை மனுவிலேயே நாள்வாரியாக எழுத வேண்டும். நெல் அளந்த சீட்டு, உரக்கடை பில், காப்பீட்டு ரசீது, நான்கு எல்லைக்காரர் வாக்குமூலம் நான்கையும் சேர்த்துக் கொடுங்கள். உடைமையாளர் குத்தகையை வாங்க மறுத்தால் வருவாய் நீதிமன்றத்தில் கட்டிவிட வேண்டும். கட்டாமல் விட்டால் பாக்கி என்று சொல்லியே வெளியேற்ற முடியும்.

பத்திரஎழுத்து:
நீங்களே சொல்லிவிட்டீர்கள். இவ்வளவு காகிதம் வாய்வழிக் குத்தகைக்காரரிடம் ஏது?

கடைமடை:
அதனால்தான் தனி மனுவை விட முகாம் வேண்டும் என்கிறேன். மேற்கு வங்கத்தில் பங்குக் குத்தகைக்காரர்களை (பர்காதாரர்களை) பதிவு செய்ய 1978-ல் தொடங்கிய பர்கா நடவடிக்கையில் வருவாய்த் துறையினர் ஊருக்கே போனார்கள். பர்காதாரர்களைக் கூட்டமாக உட்காரவைத்துக் கேட்டு, வயலில் போய்ச் சரிபார்த்து, பட்டியலை ஊரறியப் படித்தார்கள். அடுத்தவர் நிலத்தை உழுகிறவர் பர்காதாரர் அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பைச் சட்டத் திருத்தம் உடைமையாளர் தலையில் வைத்தது. 14 லட்சம் பேருக்கு மேல் பதிவானார்கள். இடுபொருளைத் தானே போட்டால் விளைச்சலில் முக்கால் பங்கு பர்காதாரருக்கு.

களத்துமேடு:
அங்கேயும் பின்னால் பதிவானவர்களில் சுமார் 14 சதவீதம் பேர் நிலத்தை இழந்ததாக அந்த மாநிலத்தின் 2004 மனித மேம்பாட்டு அறிக்கை சொல்கிறது. பதிவோடு கடனும் விற்பனையும் சேர்ந்து வராவிட்டால் பதிவு நிற்காது.

என் யோசனை அடங்கல், அதாவது எந்த வயலில் என்ன பயிர் என்று விஏஓ எழுதும் கிராமப் பதிவேடு. நடவு முடிந்ததும் விஏஓ வயலில் நின்று, யார் பயிர் வைத்திருக்கிறார் என்று பார்த்து எழுதட்டும். உடைமையாளர் கையெழுத்து வேண்டாம். சம்பா காப்பீட்டுக்கு வழக்கமாக நவம்பர் 15 கடைசி நாள், அதற்குள் முடிய வேண்டும். பிரீமியத்தில் விவசாயியின் பங்கு காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம்தான். ரசீது உழுகிறவர் பெயரில் விழுந்தால் இழப்பீடும் அவர் கணக்குக்கு வரும். இப்போது கொடுக்கிற விவசாயி அடையாள எண்ணைப் பட்டாவோடு கட்டியிருப்பது இதற்கு நேர் எதிரான வேலை.

பத்திரஎழுத்து:
அடங்கலுக்கு நானும் சம்மதிக்கிறேன். ஒரே நிபந்தனை: அந்தப் பதிவைக் குத்தகை உரிமைக்குச் சாட்சியமாகக் காட்ட முடியாது என்று சட்டத்தில் எழுத வேண்டும். இல்லையென்றால் பயிர் வைத்த மறுவாரமே உடைமையாளர் விஏஓவிடம் போய் நிற்பார்.

கடைமடை:
அந்த ஒரு வரிதான் எனக்கு ஆகாது. இருபது வருஷமாக ஒரே மூன்று மாவை உழுகிறவரிடம் இருக்கும் ஒரே எழுத்து அடங்கல் நகலாக இருக்கலாம். அதையும் செல்லாது என்று ஆக்கிவிட்டால் அவர் எதைக் கொண்டு தாசில்தாரிடம் போவார்? முதலில் பழைய குத்தகைக்காரர்களுக்கு ஊர்தோறும் 1969 பதிவு முகாம் நடத்துங்கள். பட்டியலை ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டி, ஆட்சேபம் கேட்டு, முடித்து வையுங்கள். அதன் பிறகு வருகிற புதுக் குத்தகைக்கு உங்கள் நிபந்தனையோடு பருவப் பதிவு வரட்டும், நான் எதிர்க்கமாட்டேன்.

பத்திரஎழுத்து:
முகாம் அறிவிப்பு வந்த அன்றே பழையவர்களை வெளியேற்றத் தொடங்குவார்கள், அதை யோசித்தீர்களா?

கடைமடை:
யோசித்தேன். அறிவிப்புக்கு முந்தைய மூன்று சம்பாவில் யார் பயிர் வைத்தார் என்பதையே கணக்கில் எடுக்க வேண்டும். அறிவித்த பிறகு வெளியேற்றினாலும் அவர் பெயர் பட்டியலில் வரும்.