இழை: ‘ரெஃப்ரெஷ்’ செய்த கார் – மறுவேய்வு என்றால் சரியா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

போன வாரம் நான் கிளப்பிய கேள்விக்கு இவ்வளவு மடல் வரும் என்று நினைக்கவில்லை. நடுவில் சேர்ந்தவர்களுக்காக ஒருமுறை சொல்லிவிடுகிறேன். பழைய ஸ்போர்ட்ஸ் காரை வீட்டிலேயே வைத்து வேலை பார்க்கிறவர்கள் வாயில் இரண்டு வார்த்தை புழங்கும். ஒன்று ரெஸ்டரேஷன்: பாடியைத் தூக்கி, சேஸிஸை (அடிச்சட்டத்தை) மொட்டையாக்கி, பெயின்டை இரும்பு தெரியச் சுரண்டி, போல்ட் முதற்கொண்டு ஆலையை விட்டு வந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படிக் கொண்டுவருவது. இன்னொன்று ரெஃப்ரெஷ்: ஓடுகிற, அல்லது கொஞ்சம் கெஞ்சினால் ஓடக்கூடிய வண்டியை அங்கங்கே பிரித்து, கழுவி, இற்றுப்போனதை மட்டும் மாற்றி, நன்றாயிருப்பதை இருந்த இடத்திலேயே திரும்ப வைப்பது. இந்த இரண்டுக்கும் தமிழில் என்ன சொல்வது என்பதுதான் கேள்வி. முதலாவதற்கு மீட்டுருவாக்கம் என்று ஏறக்குறைய ஒத்துக்கொண்டுவிட்டோம். இரண்டாவதற்குத்தான் சண்டை.

என் வண்டி 1966ஆம் வருடத்து ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் மார்க் 2, 1147 சிசி, இரட்டை எஸ்.யூ. கார்புரேட்டர். காங்கயம் பக்கம் தோட்டத்துச் சாளையில், மாட்டுக்கும் பருத்திக்கொட்டை மூட்டைக்கும் நடுவில் நிற்கிறது. மாடு எனக்கு முன்பே குடியிருப்பதால் காற்று வரும் இடம் அதற்கு. இந்த வண்டிக்கு நம்மூரில் யார் கை வைப்பார்கள் என்று பயந்துதான் வாங்கினேன். ஆனால் இதன் சேஸிஸும் முன்சக்கர அமைப்பும் ட்ரையம்ஃபின் இன்னொரு காரான ஹெரால்டு வழி வந்தவை, இரண்டுக்கும் உருவம் வரைந்தவரும் மிக்கெலாட்டி என்ற ஒரே இத்தாலியர். அந்த ஹெரால்டைத்தான் ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் கம்பெனி 1961இலிருந்து சென்னையில் செய்தது. அதனால் ஹெரால்டில் கை பழகிய ஒரு மேஸ்திரி திருப்பூரில் கிடைத்தார். பானெட்டை மட்கார்டோடு சேர்த்து முழுசாக முன்பக்கம் சாய்த்துத் திறந்ததுமே, “அட, நம்ம வண்டிதானுங்க” என்றார்.

சரி, சொல்லுக்கு வருகிறேன். இதுவரை வந்தவற்றில் எனக்கு ஒட்டாதவை:

புதுப்பித்தல். அகராதிப்படி குற்றமில்லை. ஆனால் சொந்தக் காரின் பதிவு 15 வருடத்தில் முடிந்து அப்புறம் ஐந்து ஐந்து வருடமாக நீட்டுகிறோமே, அதற்கும் புதுப்பித்தல்தான். கணினியில் பக்கத்தைத் திரும்ப ஏற்றுவதற்கும் அதேதான். “காரைப் புதுப்பித்தேன்” என்று சொன்னால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வரிசையில் நின்றேன் என்றுதான் கேட்பவர் எடுத்துக்கொள்வார். அதைவிடப் பெரிய கோளாறு, வண்டி இதில் புதிதாவதே இல்லை. ஓட்டுநர் பக்கக் கதவின் மேல்விளிம்பில், முழங்கை வைத்து வைத்துப் பெயின்ட் தேய்ந்து அடியில் பூசிய சாம்பல் நிறம் உள்ளங்கை அகலத்துக்குத் தெரிகிறது. அதைத் தொடமாட்டேன் என்பதுதான் நான் எடுத்த முதல் முடிவு.

புத்துயிர்ப்பு. செத்தால்தானே? இது வெறும் சளி பிடித்த வண்டி.

சீரமைப்பு. ரோடு, வாய்க்கால், கட்சி எல்லாவற்றுக்கும் ஆகிவிட்டது.

தூர்வாரல் என்று பல்லடத்து நண்பர் சொன்னது பிடித்திருந்தது. புதுக் கிணறு வெட்டாமல் இருக்கிற கிணற்றைச் சுத்தம் செய்வது. ஆனால் தூர்வாருவதில் எடுப்பது மட்டும்தான் இருக்கிறது, மாற்றிவைப்பது இல்லை. பெட்ரோல் டேங்கைக் கழுவியதற்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம், உண்மையிலேயே ஒரு குவளை தூர் வந்தது.

இப்போது என் முன்மொழிவு. மறுவேய்வு.

எங்கள் அப்புச்சி (அம்மாவின் அப்பா) வீடு நாட்டு ஓடு. சில வருடத்துக்கு ஒருமுறை, வைகாசி வாக்கில், காற்றுக்கும் மழைக்கும் முன்னால் ஓட்டைப் பிரித்து மேய்வார்கள். மேலே இரண்டு பேர், ஏணியில் ஒருவர், கீழே நாங்கள். ஓடு கைமாறிக் கைமாறி இறங்கும். அப்புச்சி திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொரு ஓட்டையும் விரல் முட்டியால் தட்டுவார். கணீர் என்றால் வலப்பக்கம், பொத்தென்றால் இடப்பக்கம். வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும், விரிசல் காதுக்குத்தான் தெரியும். கைமரத்தைத் துடைத்து, இற்ற ரீப்பரை மட்டும் மாற்றி, வலப்பக்கத்து ஓட்டையே திரும்ப ஏற்றி, குறைந்ததற்கு மட்டும் புது ஓடு. சாயங்காலம் பார்த்தால் அதே வீடு. அங்கங்கே நாலைந்து சிவப்பு ஓடு மட்டும் கண்ணை உறுத்தும், இரண்டு மழையில் அதுவும் கறுத்துவிடும்.

நான் செய்துகொண்டிருக்கும் வேலை இதுவேதான் என்று பிரேக்கைப் பிரித்தபோதுதான் உறைத்தது. முன்சக்கரத்துக்குப் போகும் ரப்பர் ஹோஸ் வெளியே கறுப்பாக, வெடிப்பே இல்லாமல் இருந்தது. ஆனால் கொஞ்ச தூரம் ஓட்டினால் வலப்பக்கச் சக்கரம் மட்டும் கை வைக்க முடியாமல் கொதித்தது. குறுக்கே அறுத்துப் பார்த்தோம். உள்ளே ரப்பர் உப்பி, துளை ஊசி நுழையும் அளவுக்குச் சுருங்கியிருக்கிறது. மிதிக்கும்போது அழுத்தத்தில் எண்ணெய் போய்விடும், காலை எடுத்தால் திரும்பி வராது, டிஸ்க்கைக் கவ்வினது கவ்வினபடி நிற்கும். பொத்தென்று கேட்ட ஓடு அது. ஹோஸ் எல்லாம் மாற்றினோம், சிலிண்டர்களுக்கு ரப்பர் கிட் போட்டோம், டிஸ்க்குகள் பழையவையே. அவை கணீர்.

சொல்லமைப்புக்கும் தடையில்லை. வேய் என்பதுதான் பேச்சில் மேய் ஆகிறது, “பிரிச்சு மேஞ்சுட்டான்” என்று பசங்கள் சொல்வதும் இந்தக் கூரை வேலைதான், ஆடு மாடு சம்பந்தம் இல்லை. ஆய் – ஆய்வு, ஓய் – ஓய்வு, தேய் – தேய்வு, வேய் – வேய்வு. வினையாக வேண்டுமென்றால் மறுவேய்ந்த கார், மறுவேய்கிறேன். அடியுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

– காங்கயத்துக்காரன்

*

அன்புத் தம்பிக்கு,

ஓடு மேய்ந்த கதை நன்று. எங்கள் வீட்டில் தேள் விழுந்த கதையும் உண்டு, இன்னொரு நாள்.

> வேய் – வேய்வு

இலக்கணம் சரி. காது? மறுவேய்வு என்று வேகமாகச் சொல்லிப் பாருங்கள், ‘மறுவேவு’ என்று விழுகிறது. பக்கத்துத் தோட்டத்தை இரண்டாம் முறை வேவு பார்க்கப் போனது போல இருக்கிறது. எழுத்தில் நின்று பேச்சில் வழுக்கும் சொல் பட்டறைக்குள் போகாது. நாற்பது வருடம் வகுப்பில் நின்றவன் சொல்கிறேன், பையன்கள் முதலில் கேலி செய்ய இடம் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள்.

இன்னொன்று, வேய்தல் என்றால் மேலே போர்த்துவது. இயந்திரத்துக்குள் நடப்பதற்கு அது எப்படிப் பொருந்தும்? ‘செப்பம்’ என்ற பழைய சொல் சும்மா கிடக்கிறதே. செப்பம் செய்த கார். சுருக்கம், யாருக்கும் விளங்கும்.

– ஈரோட்டிலிருந்து

*

எல்லாருக்கும் வணக்கம், முதல் தடவை எழுதறேன். எங்களுக்கு ஆவாரம்பாளையத்தில் லேத் பட்டறை, அப்பா காலத்திலிருந்து. இந்த இழையை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன், “இதுக்கு எதுக்கம்மா இத்தனை பேரு, ஓவராயில்னு சொன்னா ஆச்சு” என்றார். பட்டறையைப் பொறுத்தவரை ஓவராயில் தமிழ்ச்சொல்தான், அதை யாரும் பிடுங்க முடியாது. ஆனால் அதுவும் முழுசாக இறக்குவதைத்தான் குறிக்கும். காங்கயம் அண்ணா சொல்கிற அரைகுறை வேலைக்கு (தப்பாக எடுத்துக்காதீங்க அண்ணா) எங்களிடமும் பேர் இல்லை. “ஒரு கை பாத்துக் குடுங்க” என்பார்கள், அவ்வளவுதான்.

பேர் இல்லாதது வெறும் தமிழ்ப் பிரச்சினை என்று நினைக்காதீர்கள். 2021இல் மத்திய அரசு விண்டேஜ் வண்டிகளுக்குத் தனிப் பதிவு விதி கொண்டுவந்தது. 50 வருடத்துக்கு மேல் ஆன வண்டியாக இருக்க வேண்டும், மூல வடிவத்தில் இருக்க வேண்டும், பெரிய அளவில் ஓவராயில் ஆகியிருக்கக் கூடாது. சேஸிஸ், பாடி, எஞ்சினை மாற்றியமைப்பதெல்லாம் அதில் சேரும். அதாவது இந்த இரண்டு வேலைக்கும் நடுவில்தான் சட்டமே கோடு போடுகிறது. வெளிநாட்டில் பழைய வண்டிக்காரர்களின் கூட்டமைப்பு ஒன்று இருக்கிறது, ஃபிவா. அவர்களும் 2012இல் டூரின் சாசனம் என்று எழுதிவைத்து, வண்டியைப் பேணுவது வேறு, உள்ளதைக் கெடாமல் நிறுத்துவது வேறு, மீட்டுருவாக்குவது வேறு என்று பிரித்தார்கள். ஈரோட்டு ஐயா சொல்கிற செப்பம் இதில் எதற்கு வேண்டுமானாலும் பொருந்தும், அதுதான் எனக்கு இடிக்கிறது. எதற்கும் பொருந்துகிற சொல்லை வைத்து பில் போட முடியாது ஐயா.

– கோவையிலிருந்து

*

தங்கச்சி, அரைகுறை வேலை என்றது உண்மைதான், கோபமில்லை.

ஐயா, வேவு என்று கேட்கிறது என்றதும் நேற்று பூரா வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். வீட்டில் என்ன ஆச்சு என்று கேட்டார்கள். ஒத்துக்கொள்கிறேன், பெயர்ச்சொல் வழுக்குகிறது. ஆனால் வினையாகச் சொல்லும்போது வழுக்கவில்லை: வண்டியை மறுவேய்ந்தேன், மறுவேய்ந்த வண்டி. பெயர்ச்சொல் வேண்டிய இடத்தில் ‘மறுவேய்தல்’ என்று நீட்டிவிடலாம். ஆய்வு, ஓய்வு வரிசையை ரசித்து எழுதினேன், அதை விடுவதில் கொஞ்சம் வருத்தம். போகட்டும்.

போர்த்துவதுதானே என்று கேட்டீர்கள். வேய்தல் மட்டும் என்றால் நீங்கள் சொல்வது சரி. ‘மறு’ முன்னால் வந்ததும் பிரிப்பதும் தட்டிப் பார்ப்பதும் உள்ளே வந்துவிடுகிறது, பிரிக்காமல் மறுபடி வேய முடியாதே. கழற்று, சோதி, நல்லதை அங்கேயே திரும்ப வை, இந்த மூன்றும் ஒரே சொல்லில் வேறெங்கும் எனக்குக் கிடைக்கவில்லை. செப்பத்தில் மூன்றாவது இல்லை.

சொல்லை மேஸ்திரியிடம் போட்டுப் பார்த்தேன். முன்சக்கரம் திரும்புகிற இடத்தில் அடியில் ஒரு பித்தளைக் கட்டை வரும். நிற்கிற இரும்புத் தண்டின் மரை அதற்குள் இறங்கி, ஸ்டியரிங் திருப்பத் திருப்ப அந்த மரையிலேயே சுழலும். இடப்பக்கம் ஒரு மரை, வலப்பக்கம் எதிர்மரை. அதற்கு 90 ஆயில், அதாவது கியர் ஆயில்தான் விட வேண்டும். முன்பு வைத்திருந்தவர் யாரோ கிரீஸ் அடித்திருக்கிறார், ஒரு தடவை இல்லை, காலம் பூராவும். கிரீஸ் மேலேயே கட்டி பிடித்து, அடிமரைக்கு ஒன்றும் போகாமல் காய்ந்து துரு ஏறியிருந்தது. இப்படியே விட்டால் ஒருநாள் திருப்பத்தில் தண்டு முறிந்து சக்கரம் உள்பக்கம் மடங்கிவிடும். மேஸ்திரி இரண்டு பக்கத்தையும் மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் மரைமரையாகத் தேய்த்து, நகத்தை ஓட்டிப் பார்த்தார். இடப்பக்கம் தப்பியது. வலப்பக்கத் தண்டில் மரை ஓரத்தில் குழி விழுந்திருந்தது.

“இத மட்டும் மாத்திப்போடலாமுங்க, அது இருக்கட்டும்” என்றார்.

அப்போதுதான் சொன்னேன், இந்த வேலைக்கு மறுவேய்தல் என்று பேர் வைக்கப்போகிறோம் என்று. கையைத் துடைத்துக்கொண்டே யோசித்தார். “ஓடு பிரிச்சு மேயற மாதிரிங்களா?” ஆமாம் என்றேன். “அப்ப சரியாத்தானுங்க இருக்குது. ஆனா ஒண்ணு, ஓடு மேயறவன் உடைஞ்ச ஓட்டுக்கு மட்டும் காசு வாங்கமாட்டான், நாள் கூலி வாங்குவான். பேரை வெச்சுப்போட்டு ஒரு தண்டுக்கு மட்டும் பில் கேக்காதீங்க.”

தங்கச்சி கேட்ட பில் பிரச்சினைக்கு இதையே பதிலாக வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். சொற்பட்டியலில் இப்படிப் போடச் சொல்லி மட்டுறுத்துநரைக் கேட்டுக்கொள்கிறேன்: மறுவேய்தல் – வண்டியைப் பகுதி பகுதியாகப் பிரித்துச் சோதித்து, கெட்டதை மட்டும் மாற்றி, மற்றதை இருந்தபடியே திரும்பப் பூட்டுவது, பெயின்டும் சேஸிஸும் தொடப்படா. ஐயாவுக்குச் சம்மதமில்லை என்றால் பக்கத்தில் செப்பம் என்றும் இருக்கட்டும்.

அந்தப் பித்தளைக் கட்டைக்கு ட்ரன்னியன் என்று பேர். மேஸ்திரி ‘கட்டை’ என்கிறார், ஆனால் வண்டியில் இருக்கிற பாதிச் சாமான் அவருக்குக் கட்டைதான். மரைக்குடம் என்று ஒன்று தோன்றுகிறது, சக்கரத்தில் ஏற்கெனவே குடம் இருப்பதால் குழம்புமோ என்று சந்தேகம். ஆவாரம்பாளையத்து அப்பாவிடம் கேட்டுச் சொல்லுங்கள், தனி இழை தொடங்குகிறேன்.

– காங்கயத்துக்காரன்