அப்பாவுக்கு நான் கொள்ளி வெச்சதுல என்ன தப்பு? ஊர் ஏன் ஆளுக்கு ஒரு மாதிரி பாக்குது?

வெண்ணாத்தங்கரை எழுதியது:

எங்க ஊரு நீடாமங்கலத்துலேர்ந்து கொஞ்சம் உள்ள போகணும். மாசி மாசம் அப்பா தவறிட்டாங்க. நாங்க ரெண்டுமே பொண்ணு, நான் மூத்தவ. படுக்கையில கெடந்தப்பவே அப்பா என் கையப் புடிச்சு நீதாம்மா எனக்கு வெக்கணும்னு சொல்லிட்டாங்க, அம்மாவும் பக்கத்துல இருந்து கேட்டாங்க. ஆனா அன்னைக்கு சித்தப்பா பையன் குளிச்சு ஈர வேட்டியோட ரெடியா நிக்கிறான், சித்தப்பா வந்து பொம்பளப்புள்ள தெருமுனையோட நின்னுக்கம்மா, நம்ம வழக்கம் அதுதானேங்கறாரு. நான் ஒண்ணும் பேசல, குடத்தத் தூக்கித் தோள்ல வெச்சுக்கிட்டு நடந்துட்டேன். தங்கச்சி பையன் நெய்ப்பந்தம் புடிச்சான்.

சுடுகாட்டுல மூணு சுத்து சுத்துறப்ப ஒவ்வொரு சுத்துக்கும் குடத்துல ஒரு ஓட்ட போடுவாங்கல்ல, அந்தத் தண்ணி முதுகு வழியா எறங்கி பொடவையெல்லாம் நனைஞ்சு கால் நடுங்குது. அங்க வேல பாக்குற அண்ணன்தான் மெதுவா, பயப்படாத தாயி, கொள்ளிய வெச்சிட்டு திரும்பிப் பாக்காம நேரா நடன்னு சொன்னாரு. அந்த ஒரு வார்த்தையப் புடிச்சுக்கிட்டுதான் வீடு வந்து சேந்தேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு பாதி பங்காளிங்க வரல. அப்பாவோட கூடப்பொறந்த அத்தை என் மூஞ்சியப் பாத்தே பேசல. இதே தெருவுல போன வருஷம் பெரிய வீட்டுப் பையன் சிங்கப்பூர்லேர்ந்து வந்தாரு, மொட்டை போடல, மூணாம் நாளே எல்லா காரியத்தையும் முடிச்சிட்டு பிளைட் ஏறிட்டாரு. அதுக்கு எல்லாரும் பாவம் லீவு இல்லன்னாங்க. வழக்கத்த மீறினது ரெண்டு பேரும்தானே? அவருக்கு பாவம், எனக்கு திமிரா? இது புரியாம தூக்கமே வரமாட்டேங்குது.

---

திருவாரூர் தம்பி எழுதியது:

அக்கா, மொதல்ல நீங்க செஞ்சது அப்பாவோட வார்த்தையக் காப்பாத்துனது, அத மனசுல வெச்சுக்கோங்க. நான் சைக்காலஜி படிச்சவன், எனக்குத் தெரிஞ்சதச் சொல்றேன். ஹாலண்டர்னு அமெரிக்காவுல ஒருத்தர் 1958லயே இதப் பத்தி எழுதிருக்காரு, ஒருத்தர் கூட்டத்தோட ஒத்துப்போயி நல்ல பேரு சேத்து வெச்சிருந்தா அது அவரு கணக்குல வரவு மாதிரி ஏறிக்கிட்டே இருக்கும், பின்னாடி வழக்கத்த மீறுறப்ப அந்த வரவுலேர்ந்து கழிச்சுக்குவாங்க, உடனே தூக்கி எறிய மாட்டாங்க. சிங்கப்பூர்க்காரருக்கு பணம், கோயில் திருப்பணின்னு ஏற்கனவே கணக்கு ரொம்பி இருந்திருக்கும். பொண்ணுங்களுக்கு நம்ம ஊர்ல அந்தக் கணக்கையே யாரும் தொறக்குறதில்ல, எனக்கு கோவம் வர்ற எடம் இதுதான்.

இன்னொண்ணு, 2011ல நெதர்லாந்துல வான் க்ளீஃப்னு ஒருத்தரும் அவரு கூட இருந்தவங்களும் செஞ்ச ஆராய்ச்சி. ஹோட்டல்ல ஒருத்தன் எதிர் நாற்காலி மேல கால் போட்டுக்கிட்டு சிகரெட் சாம்பல தரையில தட்டுற வீடியோவ காட்டுனா, பாத்தவங்க அவன்தான் அதிகாரம் உள்ளவன்னு நெனச்சாங்களாம். மீறுறவங்கள வெறுமனே கெட்டவன்னு மட்டும் ஜனங்க பாக்குறதில்ல, இவனால மீற முடியுதுன்னா இவன்கிட்ட ஏதோ பலம் இருக்குன்னும் பாப்பாங்க. அடுத்த வருஷம் வந்த ஆராய்ச்சியில, தனக்கு மட்டும் லாபமா மீறுறவன விட மத்தவங்களுக்கும் சேத்து மீறுறவனுக்குத்தான் ஜனங்க தலைம இடத்தக் குடுக்குறாங்கன்னு வந்துச்சு. சித்தப்பா கோவத்துல ஒரு பங்கு பயமும்க்கா, நாளைக்கு எல்லா வீட்லயும் பொண்ணுங்க குடம் தூக்கிட்டா?

---

கும்பகோணம் பெரியம்மா எழுதியது:

கண்ணு, எனக்கு 68 வயசு. எங்க பக்கத்துல மணலூர் மணியம்மைன்னு ஒருத்தங்க இருந்தாங்க, எங்க அம்மா சொல்லிச் சொல்லி கேட்டது. சின்ன வயசுலயே தாலி அறுத்த அம்மா, அந்தக் காலத்து அக்ரகாரத்துல விதவைன்னா மூலையில உக்கார வெச்சிருவாங்க. அவங்க தலைய கிராப்பு வெட்டிக்கிட்டு வேட்டியும் அரைக்கை சட்டையுமா வெளிய வந்தாங்க, பண்ணையில அடி வாங்குன விவசாயக் கூலி ஜனங்கள ஒண்ணு சேத்தாங்க. 1953ல மான் முட்டி எறந்து போனாங்க. சொந்த ஜாதிக்காரங்க தள்ளி வெச்சாங்க, சேரியில இருந்தவங்க எங்க அம்மான்னாங்க. ஒரே வேட்டி சட்டைதான், பாத்த கண்ணுதான் வேற வேற. உன்னப் பாத்து மூஞ்சி திருப்புறவங்களயே எண்ணிக்கிட்டு இருக்காத, ராத்திரி கொல்லப்பக்கமா வந்து சாப்பாடு குடுத்துட்டுப் போன பொம்பளைங்க யாராச்சும் இருப்பாங்களே, அவங்களயும் எண்ணு.

---

வலங்கைமான் எழுதியது:

நான் கொஞ்சம் எதிர்ப்பக்கம் பேசறேன், கோச்சுக்காதீங்க. எங்க பெரியப்பா வீட்லயும் இப்படித்தான் அக்கா வெச்சாங்க, அன்னைக்கு குளிச்சிட்டு ரெடியா நின்ன பங்காளி நான்தான். எனக்கு வந்தது சாஸ்திரக் கோவம் இல்ல, அவமானம், ஊரே பாக்க நம்மள ஒதுக்கிட்டாங்களேன்னு. உண்மையச் சொல்றேன், சொத்து நெனப்பும் இருந்துச்சு, கொள்ளி வெக்கிறவனுக்குத்தான் நெலம்னு எங்க ஆளுங்க சொல்லியே வளத்தாங்க. அப்புறம் மன்னார்குடியில ஒரு வக்கீல்கிட்ட கேட்டப்பதான் கொள்ளிக்கும் பங்குக்கும் சட்டத்துல சம்பந்தமே கெடையாது, தமிழ்நாட்டுல 1989லயே பொண்ணுக்கும் பூர்வீகத்துல சம பங்கு வந்துருச்சுன்னு தெரிஞ்சுது. ரெண்டு வருஷம் அக்காகிட்ட பேசாம இருந்தது இப்ப நெனச்சா நெஞ்சு அடைக்கிது. உங்க சித்தப்பா பையன்கிட்ட நீங்களே போயி ஒரு வார்த்த பேசுங்க, அவனும் சாவு வீட்ல நின்னவன்தான்.

---

திருவாரூர் தம்பி எழுதியது:

வலங்கைமான் அண்ணே, இத வெளிப்படையா எழுதுனதுக்கு கையெடுத்து கும்பிடறேன். அக்கா, சுடுகாட்டு அண்ணன் பத்தி ஒண்ணு விட்டுட்டேன். ஆஷ்னு ஒருத்தரு 1951ல செஞ்ச சோதனையில, கூட இருக்குறவங்க எல்லாரும் சேந்து கோட்டோட நீளத்த தப்பா சொன்னா நாலுல மூணு பேரு ஒரு தடவையாச்சும் அதுக்கு தலையாட்டிருக்காங்க. ஆனா ஒரே ஒருத்தன் மாத்தி சரியா சொல்லிட்டா அப்படித் தலையாட்டுறது ரொம்பக் கொறஞ்சு போச்சு. உங்களுக்கு அந்த அண்ணன்.

---

வெண்ணாத்தங்கரை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. பெரியம்மா சொன்ன மாதிரி எண்ணிப் பாத்தேன், ஏழு பேரு. சித்தப்பா பையன நேத்து டீக்கடையில பாத்து, அப்பாவோட சைக்கிள் உனக்குத்தான்டா, வந்து எடுத்துக்கன்னேன். ஒண்ணும் சொல்லல, சாயங்காலம் வந்து டயருக்கு காத்தடிச்சு ஓட்டிட்டுப் போனான். சித்தப்பா இன்னும் பேசல. அத்தை மட்டும் போன் பண்ணி, ஆடி அமாவாசைக்கு திருவையாத்துல யாருடி அண்ணனுக்கு எள்ளும் தண்ணியும் எறைக்கப் போறதுன்னு கேட்டாங்க. நான்தான் அத்தைன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல, அப்புறம், மொத பஸ்சுக்கு கெளம்பு, கூட்டம் தாங்காதுன்னு வெச்சிட்டாங்க.